சாவி போட்டா வர்ற கரண்ட்

ஆபீஸ்ல ஆணி அதிகம், அதனால இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து ரெண்டு மாசம் ஆச்சு. அப்படித்தான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்கேன். நிஜக் காரணம் வேற. புதுசா மாட்டின கார் ஸ்டீரியோ பத்தி எழுதறதா போன பதிவுல சொல்லியிருந்தேன். அதை எழுதணும்னா கூடவே இன்னொண்ணையும் ஒத்துக்கணும். அதான் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தேன்.

என் கார் ஒரு ஐரோப்பியக் கம்பெனியோட ஹேட்ச்பேக். செகண்ட் ஹாண்ட். வண்டி நல்லா ஓடும். அதுல இருந்த ஸ்டீரியோதான் கற்காலம். சிடி போடலாம், ஏயூஎக்ஸ் ஒயர் சொருகலாம், அவ்வளவுதான். ப்ளூடூத் கிடையாது. என் போன்ல அந்த ஒயர் சொருகற ஓட்டையே கிடையாது. ஆக, ஆறு மாசமா விளம்பரத்துக்கு நடுவுல பாட்டு கேட்டுக்கிட்டு ஓட்டினேன். கடைசில ஒரு நாள் ராத்திரி தூக்கம் வராம இணையத்துல ஒரு ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ ஆர்டர் பண்ணிட்டேன். பெரிய ஸ்க்ரீன், மேப், ப்ளூடூத் எல்லாம் உண்டு.

சென்னையில ஜி.பி. ரோட்ல கொண்டுபோய்க் கொடுத்தா ஒரு மணி நேரத்துல மாட்டித் தந்துடுவாங்க. நான் கொடுக்கலை. மதுரையில என் தாய்மாமா இருக்கார்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

மாமாவுக்கு சிம்மக்கல் பக்கம் ஒரு சந்துல கடை. பத்துக்கு எட்டு இருந்தா அதிகம். 1985-ல ஆரம்பிச்சது. அம்பாசிடர், பத்மினி, மெட்டடார் வேன், லாரின்னு எது வந்தாலும் பாட்டுப் பெட்டி மாட்டுவார். அம்பாசிடர்ல எல்லாம் டேஷ்போர்டுக்குக் கீழ இரும்புப் பட்டை அடிச்சு கேசட் பிளேயரைத் தொங்க விடணும். பின் சீட்டுக்குப் பின்னாடி இருக்கிற பலகையில ஓவல் ஸ்பீக்கர் ரெண்டு. கார்த்திகை பிறந்தா மாமாவைப் பிடிக்க முடியாது, சபரிமலை போற வேனெல்லாம் வரிசை கட்டும். நான் சின்னப் பையனா லீவுக்குப் போறப்ப எனக்கு வேலை, ஸ்டூல்ல உட்கார்ந்து ஒயர் முனையைச் சீவிக் கொடுக்கிறது. மாமா பல்லாலயே சீவுவார். அத்தை பார்த்தா திட்டு விழும்.

அப்ப மாமா எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் ரொம்பச் சின்னது. "ஸ்டீரியோவுக்கு மூணே ஒயர்தான் முக்கியம் மருமகனே. மஞ்சள், டைரக்ட். எப்பவும் கரண்ட் இருக்கும், அதுலதான் டைமும் ஸ்டேஷனும் ஞாபகத்துல நிக்கும். சிவப்பு, சாவி போட்டா வர்ற கரண்ட். கறுப்பு, எர்த். இந்த மூணும் சரியா இருந்தா பாட்டு தானா வரும்." மத்ததெல்லாம் ஸ்பீக்கர் ஒயர். வெள்ளை இடது முன்னாடி, சாம்பல் வலது முன்னாடி, பச்சையும் ஊதாவும் பின்னாடி. கறுப்புக் கோடு ஓடினா அது நெகட்டிவ். வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் ஆயிடுச்சு. பின்னாடி நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சதுல இந்த அளவுக்கு எதுவும் மனசுல நிக்கலைங்கிறது வேற விஷயம் :-)

அந்தக் காலத்துக்கு இன்னொரு வசதி. எல்லாருக்கும் ஒரே அளவு ஓட்டை. 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம். இதுக்கு 'டின்' சைஸ்னு பேர். தகர டின் இல்லீங்க, ஜெர்மன் தரநிலை அமைப்போட பேர்ச் சுருக்கம். அதையே ரெண்டு மடங்கு உயரமாக்கினா டபுள் டின். எந்தக் கம்பெனிப் பெட்டியும் எந்தக் கம்பெனிக் காருக்கும் போகும். மாமா மாதிரி ஆட்கள் பிழைச்சது அந்த ஓட்டையை வச்சுத்தான்.

இப்ப நிலைமை அப்படி இல்லை. ஸ்டீரியோ இன்னிக்கு ஒரு தனிப் பெட்டி கிடையாது. 2019 ஜூலையிலேர்ந்து நம்ம ஊர்ல புதுக் கார் எல்லாத்துக்கும் ரிவர்ஸ் சென்சார் கட்டாயம். பல மாடல்கள்ல அந்தக் கோடு கோடா வர்ற படம் தெரியறது ஸ்டீரியோ ஸ்க்ரீன்லதான். ஸ்டீரியோவைக் கழட்டினா அதுவும் போச்சு. அமெரிக்காவுல சில கார்கள்ல சீட் பெல்ட் போடலைன்னா அடிக்கிற மணிச் சத்தமே ரேடியோ வழியாத்தான் வரும். ரேடியோவைப் பிடுங்கினா வண்டி ஊமை. சில புது வண்டிகள்ல ஏ.சி. கூட்டுறது குறைக்கிறது எல்லாமே அந்த ஸ்க்ரீனுக்குள்ள. அங்க ஓட்டையும் இல்லை, மாத்தறதுக்கு வழியும் இல்லை. நம்ம பாஷையில சொன்னா, ஒரு மாட்யூலைத் தொட்டா சம்பந்தமே இல்லாத இன்னொரு இடத்துல எர்ரர் அடிக்கும். அப்படி எழுதி வச்சவனை கோட் ரிவ்யூவுல கிழிப்போம். கார்க்காரனை யார் கேக்கிறது?

சரி, கதைக்கு வர்றேன்.

மாமா பொண்ணுக்குக் கல்யாணம். (உடனே 'முறைப்பொண்ணாச்சே'ன்னு ஆரம்பிக்காதீங்க. அவ என்னை விட விவரம், அவ ஆபீஸ்லயே பார்த்துக்கிட்டா.) சனிக்கிழமை காலையில முகூர்த்தம். நான் புதன்கிழமையே சென்னையிலேர்ந்து கார்ல கிளம்பிப் போயிட்டேன், டிக்கியில ஸ்டீரியோ அட்டைப்பெட்டியோட. கல்யாணம் முடிஞ்சு ஒரு நாள் சும்மா இருக்கிறப்ப மாமாகிட்டக் கொடுக்கலாம்னு நினைப்பு. மாமா பெட்டியைப் பார்த்துட்டார்.

"பொண்ணு மாப்பிள்ளை உன் கார்லதான மருமகனே கோயிலுக்குப் போறாங்க?"

"ஆமா மாமா."

"ஊர்ல உள்ள கல்யாணக் காருக்கெல்லாம் பாட்டு மாட்டினேன். எம் பொண்ணு போற கார்ல பாட்டு இல்லாமயா? வியாழக்கிழமை சாயங்காலம் கடைக்குக் கொண்டா."

இங்க ஒண்ணு சொல்லணும். மாமா ஸ்டீரியோ மாட்டி ஏழெட்டு வருஷம் ஆச்சு. இப்பக் கடையில மேட், சீட் கவர், போன் ஸ்டாண்டு, ஹார்ன் அவ்வளவுதான். காரே கம்பெனியிலேர்ந்து ஸ்டீரியோவோட வருது, மாத்தணும்னாலும் ஒயரை வெட்டினா வாரண்டி போயிடும்னு பயம். யாரும் வர்றதில்லை. அன்னிக்கு மாமா உள்ளே போய், துணியில சுத்தி வச்சிருந்த அந்தப் பழைய டெஸ்ட் லேம்பை எடுத்துட்டு வந்தார்.

அஞ்சு மணிக்கு ஆரம்பிச்சோம். பேட்டரி நெகட்டிவைக் கழட்டினார். சுத்தி இருக்கிற பிளாஸ்டிக்கை ஒரு பழைய ஏ.டி.எம். கார்டை வச்சு நெம்பி எடுத்தார், ஒரு கிளிப் கூட உடையலை. நான் யூட்யூப்ல பார்த்த ஆள் மூணு கிளிப் உடைச்சிருந்தான். பழைய ஸ்டீரியோவை வெளியே இழுத்தா, பின்னாடி ஒரே ஒரு பெரிய சதுரக் கப்ளர். புதுசோட வந்த ஒயர் செட் அதுல அப்படியே போய் உட்கார்ந்தது. வெட்டு, ஒட்டு எதுவும் இல்லை. "நல்லாத்தான்யா பண்ணியிருக்கான்"னு மாமா பாராட்டினார்.

ஸ்பீக்கர் எல்லாம் பேசுச்சு. எஃப்.எம். மட்டும் ஒரே இரைச்சல். மாமா எப்பவும் கொடைக்கானல் 100.5 வச்சுத்தான் டெஸ்ட் பண்ணுவார், அதுவே வரலை. எனக்கு ஒண்ணும் புரியலை, செட்டிங்ஸ்ல போய் என்னென்னவோ தட்டினேன். மாமா வெளியே போய்க் கூரையைப் பார்த்தார். "இத்துனூண்டு ஏரியல்னா உள்ள பூஸ்டர் இருக்கும். அதுக்குக் கரண்ட் யார் கொடுப்பா?" ஏரியல் ஒயர்ல இருந்து ஒரு நீல ஒயர் அநாதையா தொங்குச்சு. அதை ஸ்டீரியோவோட நீல ஒயர்ல சேர்த்தார். கொடைக்கானல் கணீர்னு வந்துச்சு. அந்த நிமிஷம் மாமா முகத்தைப் பார்த்திருக்கணும் நீங்க.

மிச்சம் சிவப்பு ஒயர்.

மாமா டெஸ்ட் லேம்பை வச்சுக் கப்ளர்ல ஒவ்வொரு பின்னா தேடினார். டைரக்ட் இருக்கு, எர்த் இருக்கு. சாவி போட்டா எரிஞ்சு, எடுத்தா அணையற பின் ஒண்ணு கூட இல்லை. திரும்பத் திரும்பப் பார்த்தார். "சாவி கரண்டே இல்லாம பழைய செட் எப்படிய்யா ஆஃப் ஆச்சு?"

நல்ல கேள்வி. அந்த மொத்தக் கடையில அதுக்குப் பதில் தெரிஞ்சிருக்க வேண்டிய ஆள் நான் ஒருத்தன்தான்.

பதில் இதுதான். இந்த மாதிரி வண்டிகள்ல 'சாவி போட்டாச்சு'ங்கிறது 12 வோல்ட்டா ஸ்டீரியோவுக்கு வராது. செய்தியா வரும். கேன் பஸ்னு ஒண்ணு இருக்கு (தண்ணி கேனும் இல்லை, டவுன் பஸ்ஸும் இல்லை). பாஷ் கம்பெனி 1986-ல வெளியிட்டது. முறுக்கின ரெண்டே ரெண்டு ஒயர். இன்ஜின், பிரேக், மீட்டர்னு வண்டியில இருக்கிற ஒவ்வொரு கம்ப்யூட்டரும் அந்த ஒயர்ல தன் சேதியைக் கத்தும். யாருக்குத் தேவையோ அவங்க காதுல வாங்கிக்கலாம். பஸ் ஸ்டாண்டு மைக் மாதிரி. பழைய ஸ்டீரியோவுக்கு அந்தப் பாஷை தெரியும். கடையில வாங்கற ஆண்ட்ராய்டுப் பெட்டிக்குத் தெரியாது. அதனாலதான் அதோட தீப்பெட்டி சைஸ்ல ஒரு கறுப்பு டப்பா கொடுக்கிறாங்க. அது நடுவுல உட்கார்ந்து கேட்டு, 'சாவி போட்டாச்சு'ன்னு சேதி வந்ததும் சிவப்பு ஒயர்ல 12 வோல்ட் விடும். சேதி நின்னா நிறுத்திடும்.

அந்த டப்பா என் பெட்டியிலயும் இருந்தது. மாமா அதைக் கையில எடுத்து, "இது என்ன மருமகனே?"ன்னு கேட்டார்.

"அது ஸ்டீயரிங் பட்டனுக்கு மாமா. என் வண்டியில ஸ்டீயரிங்ல பட்டனே இல்லை. நமக்குத் தேவையில்லை."

எங்கயோ பாதி படிச்சது. முழுசாத் தெரிஞ்ச மாதிரியே சொன்னேன். பட்டனும் அது வழியாத்தான் வேலை செய்யும்ங்கிறது வாஸ்தவம். ஆனா அது மட்டும்தான்னு யார் சொன்னா?

மாமா டப்பாவை ஓரமா வச்சுட்டார். "அப்ப ஃப்யூஸ் பாக்ஸ்லேர்ந்து ஒரு லைன் இழுத்துடறேன். சிகரெட் லைட்டர் ஃப்யூஸ் சாவி போட்டாத்தான் வரும், பார்த்துட்டேன். ஒரு மணி நேரம் ஆகும்."

அப்பவே மணி எட்டரை. வீட்டுலேர்ந்து அத்தை நாலு தடவை போன் பண்ணிட்டாங்க. எனக்கும் பசி. அதோட ஸ்டீயரிங்குக்குக் கீழ மஞ்சள் உறை போட்ட ஒயர் ஒண்ணு ஓடுது, அது ஏர்பேக் ஒயர். அங்கெல்லாம் டெஸ்ட் லேம்பை வைக்கக் கூடாது. அந்த ஒரு விஷயம் எனக்கு நிஜமாவே தெரியும். அதை எடுத்து விட்டேன். "அங்க எல்லாம் கை வைக்காதீங்க மாமா, இது கம்ப்யூட்டர் வண்டி. சிவப்பையும் மஞ்சளையும் சேர்த்து டைரக்ட்ல கொடுத்துடுங்க. நான் பட்டனை அமுக்கி ஆஃப் பண்ணிக்கிறேன்."

"ராத்திரி முழுக்கத் திங்காதா?"

"ஸ்டாண்ட்பைல இருக்கும் மாமா. போன் மாதிரி."

மாமா என்னை ஒரு தடவை பார்த்தார். படிச்ச பையன் சொல்றான். சேர்த்து முறுக்கி டேப் சுத்தினார். பத்து மணிக்கு வீட்டு வாசல்ல வண்டியை நிறுத்தினேன். பட்டனை அமுக்கினேன். ஸ்க்ரீன் இருட்டாச்சு.

வெள்ளிக்கிழமை முழுக்க வண்டியை எடுக்கலை. வாசல்ல பந்தக்கால் நட்டு, வாழைமரம் கட்டி, கார் உள்ள மாட்டிக்கிச்சு. எல்லாரும் வேன்லயே போய் வந்தோம்.

சனிக்கிழமை விடியக்காலை நாலரை. மாப்பிள்ளையோட பெரியப்பா பாண்டியன் எக்ஸ்பிரஸ்ல வர்றார், எழுபது வயசுக்காரர். ஸ்டேஷன்ல கூட்டிட்டு வர்ற பொறுப்பு மாமாவோடது, அதாவது என்னோடது. பந்தக்காரர் ஒரு கழியை அவிழ்த்து வழி விட்டார். சாவியைத் திருப்பினேன். டக். அவ்வளவுதான். இன்னொரு தடவை. அந்த டக் கூட இல்லை.

தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம்னா தெரு பூரா பந்தல். ஆட்டோ பிடிச்சு ஓடினேன். பெரியவர் ரெண்டு பெட்டியோட வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தார். முக்கால் மணி நேரமா நிக்கிறாராம். ஒண்ணும் சொல்லலை. ஒண்ணும் சொல்லாததுதான் பிரச்சனை. மண்டபத்துக்கு வந்ததும் சம்பந்தி வீட்டுல எல்லாருக்கும் விஷயம் போயிடுச்சு.

என் அப்பாவுக்கு ஏற்கனவே ஆயிரம் டென்ஷன். மாமாவை மண்டப வாசல்லயே பிடிச்சுட்டார். "ஏன் மச்சான், காலம் போன காலத்துல தெரியாத வேலையை எதுக்குத் தொடுறீங்க? இதெல்லாம் இப்ப கம்ப்யூட்டர் வண்டி. பக்கத்துலயே ஒரு இன்ஜினியர் நிக்கிறான், அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாது?"

சுத்தி பத்து இருபது பேர். சம்பந்தியோட தம்பி, சமையல்காரர், நாதஸ்வரக்காரர். நான் மூணடி தள்ளித்தான் நின்னேன், தோள்ல அந்தப் பெரியவரோட பையை மாட்டிக்கிட்டு.

மாமா என் பக்கம் திரும்பவே இல்லை. "விடுங்க மாப்ள. என் தப்புதான். ஒயரிங்ல கோட்டை விட்டுட்டேன்"னார்.

நான் வாயைத் திறக்கலை.

திறந்திருக்கலாம். 'இல்லப்பா, நான்தான் அப்படிச் சேர்க்கச் சொன்னேன்'. மொத்தம் அஞ்சு வார்த்தை. முகூர்த்த நேரத்துல எதுக்குப் பேச்சை வளர்க்கணும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். முகூர்த்தம் முடிஞ்சது, பந்தி முடிஞ்சது, அப்பவும் பேசலை.

சீரியல் செட் போட வந்த வண்டியிலேர்ந்து ஜம்பர் ஒயர் போட்டு மாமாதான் காரைக் கிளப்பினார், பட்டு வேஷ்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு. கிளப்பினதும் முதல் வேலையா உள்ள குனிஞ்சு ஸ்டீரியோவோட ஃப்யூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில போட்டுக்கிட்டார். பொண்ணும் மாப்பிள்ளையும் கோயிலுக்குப் போனது அந்தக் கார்லதான். நான்தான் ஓட்டினேன். உள்ள ஏ.சி. சத்தம் மட்டும்தான்.

சென்னைக்கு வந்தப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை மல்டிமீட்டரை எடுத்துக்கிட்டு உட்கார்ந்தேன். ஃப்யூஸைத் திரும்பப் போட்டு, ஸ்க்ரீனை அணைச்சுட்டு அளந்தா 0.9 ஆம்பியர். தூங்கற வண்டி சாதாரணமா இழுக்கிறது இதுல இருபதுல ஒரு பங்கு கூட இருக்காது. ஸ்க்ரீன்தான் அணைஞ்சிருக்கு, உள்ள ஆண்ட்ராய்டு கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டு இருக்கு. வியாழன் ராத்திரி பத்துலேர்ந்து சனி காலை நாலரை வரைக்கும் முப்பது மணி நேரம். பெருக்கினா 27 ஆம்பியர் மணி. பேட்டரி மேல போட்டிருந்தது 44, அதுவும் பழைய பேட்டரி. ஆறாவது படிக்கிற பையன் போடுற கணக்கு. மாமா 'திங்காதா?'ன்னு கேட்டப்பவே போட்டிருக்கலாம்.

ஜி.பி. ரோட்ல ஒரு பையன், இருபது வயசு இருக்கும், டப்பாவைப் பார்த்ததும் சிரிச்சான். "இதை ஏண்ணா மாட்டாம விட்டீங்க? ஏ.சி.சி. இதுலதானே வரும்." இருபது நிமிஷத்துல முடிச்சுட்டான். இப்ப சாவியை எடுத்தா ஸ்டீரியோ தானா தூங்குது.

அன்னிக்கு ராத்திரியே மாமாவுக்குப் போன் பண்ணினேன். டப்பா விஷயத்தை முழுசாச் சொன்னேன். நீங்க சொன்ன மாதிரி ஃப்யூஸ் பாக்ஸ்லேர்ந்து இழுத்திருந்தாலும் எல்லாம் சரியா இருந்திருக்கும்னும் சொன்னேன். மன்னிச்சுக்கோங்க மாமான்னு சொல்றதுக்குள்ள நாக்கு குழறிடுச்சு.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "ரெண்டே ஒயர்லயா எல்லாச் சேதியும் போவுது?"ன்னார்.

"ஆமா மாமா."

"கதவு திறந்தது, பிரேக் அமுக்கினது, எல்லாம்?"

"எல்லாம்."

"அந்த டப்பா தனியா விப்பானா? வேற வண்டிக்கெல்லாம்?"

"வண்டிக்கு ஒரு மாதிரி கிடைக்கும் மாமா."

"தீபாவளிக்கு வர்றப்ப ரெண்டு மூணு வாங்கிட்டு வா. பார்ப்போம்."

கல்யாணத்தைப் பத்தியோ வாசல்ல நடந்ததைப் பத்தியோ அவர் எதுவும் பேசலை. அப்பாகிட்ட நான் இன்னும் சொல்லலை. போன வாரம் கூட ஏதோ பேச்சுல "உங்க மாமா மாதிரி ஒயரைச் சேர்த்துடாதே"ன்னு சிரிச்சார். நானும் பேசாம இருந்துட்டேன். தீபாவளிக்கு எல்லாரும் மதுரையில மாமா வீட்லதான். டப்பா மூணு வாங்கி வச்சிருக்கேன், அப்பா முன்னாடியே பிரிச்சுக் கொடுக்கிறதா இருக்கேன்.